வில்பிரட் மனந்திரும்பவில்லை

மனந்திரும்பினார் என்று பாஸ்டர் மறுபடியும் சொல்கிறார். பாவம், பழைய வாழ்க்கை, பரிசுத்தம், ‘ப’ வருகிற இடமெல்லாம் மைக்கில் காற்று மோதி ஸ்பீக்கர் பொத் பொத்தென்று அடித்துக்கொள்கிறது. வில்பிரட் இருந்தால் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பூனை மாதிரி வந்து மைக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிட்டுப் போயிருப்பான். இந்த ஆலயத்தின் ஸ்பீக்கர், ஒயர், மைக் எல்லாம் இத்தனை வருஷமாக அவன் பொறுப்புதான். இப்போது பாஸ்டருக்கு நேர் கீழே பெட்டிக்குள் படுத்திருக்கிறான். கறுப்புக் கோட்டு, டை, நெஞ்சின் மேல் வேதப்புத்தகம். அவன் விரல்களை யாரோ புத்தகத்தின் மேல் பக்குவமாக மடக்கி வைத்திருக்கிறார்கள். பேஸ் கிடாரின் தடித்த கம்பியை இழுத்து இழுத்துக் காய்ப்பு ஏறிய விரல்கள். அவ்வளவு அடக்கமாக அவை எந்த இடத்திலும் இருந்ததில்லை. மே மாத வெயில் ஓட்டின் வழியாக இறங்குகிறது, மின்விசிறி அதைத் தலையில் அள்ளிக் கொட்டுகிறது. ரோஜா மாலை, ஓடிகொலோன், பக்கத்தில் இருக்கிறவர்களின் வியர்வை. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சுகிர்தம் சொன்னது காதிலேயே நிற்கிறது. “அக்கா, வந்தீங்களே, அதுவே போதும். இன்னைக்கு வேற எதுவும் வேணாங்கா. ஆசீர் சொல்லிட்டான்.” ஆசீர் அவளுடைய மகன், பூனாவில் கம்ப்யூட்டர் வேலை. வேற எதுவும் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பாட்டைத்தான் சொல்கிறாள். புருஷனைப் பெட்டியில் வைத்துவிட்டு நிற்கிறவளிடம் என்ன கேட்பது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்து மூன்றாவது பெஞ்சில் என் இடத்தில் உட்கார்ந்தேன். தலையாட்டியாயிற்று. அதோடு முடிந்தது. வாயை மூடிக்கொண்டு உட்காரடி ஹெப்சிபா.

ஆனால் மனந்திரும்பினார் என்கிறார்களே. திரும்புவதற்கு அவன் எங்கே போனான்? “நம்முடைய சகோதரர் வாலிப நாட்களில் இருளின் பாட்டுக்கு அடிமையாயிருந்தார்” என்கிறார் பாஸ்டர். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பிள்ளைதான், மழைக்காலத்தில் வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர். அவருக்கு என்ன தெரியும். இருளாம். அது மத்தியானம். பெரம்பூரில் ரயில் எஞ்சின் லோகோ வேலைக்காரர்கள் குடியிருந்த தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வில்பிரட்டின் வீடு. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான், கப்பல்காரர்களிடமிருந்து இசைத்தட்டு வாங்கி வருவான். “ஹெப்சி, ஒண்ணு போட்டுக் காட்டுறேன், பயப்படாத” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினான், அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாது என்று. ஊசி இறங்கியது. அமெரிக்காவில் எங்கேயோ ஒரு கறுப்பு மனுஷன். முதலில் ஒரு உறுமல், பிறகு ஒரு கதறல், கீழே பேஸ் கிடார் தரையைத் தோண்டிக்கொண்டே போகிறது, ட்ரம்ஸ் அதன் கழுத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பி ஒரே இடத்தில் கொண்டுவந்து அறைகிறது. எனக்குப் பத்தொன்பது வயது, ஆலயக் கொயரில் பாடிக்கொண்டிருந்தேன், வாயைத் திறந்தால் நெளியாத கோடு மாதிரி பாட வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். கையெல்லாம் மயிர் கூச்செறிந்து, “டேய், இது நம்ம உபவாச ஜெபம்டா” என்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்கள் பாயில் உட்கார்ந்து குடிகாரப் புருஷனுக்காக, கலைந்துபோன கருவுக்காக, வராத கடிதத்துக்காக நெஞ்சிலடித்து அழுவார்களே, அந்தக் குரல். அது பாட்டாக முடியும் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. வில்பிரட் சிரித்தான். “அதான்டி. அழுகைய ஆட்டத்துல போட்டுட்டான்.” அவ்வளவுதான். அந்த ஜன்னல் சாத்திய அறையில் நான் ஒருமுறை திரும்பினேன். மனம் திரும்பியது என்றால் அன்றைக்குத்தான் திரும்பியது, அதற்குப் பிறகு எனக்குத் திரும்ப வேண்டிய அவசியமே வரவில்லை.

பாஸ்டர் தண்ணீர் குடிக்கிறார். பின்னால் யாரோ இருமுகிறார்கள், கவுஸ் பாயாகத்தான் இருக்கும், கடைசி பெஞ்சில் வெள்ளைத் தொப்பியோடு முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ட்ரம்மர். நான், வில்பிரட், கவுஸ் பாய், மூன்று பேர்தான் பேண்டு, மற்றவர்கள் வந்தார்கள் போனார்கள். ‘பேசின் பிரிட்ஜ்’ என்று பெயர் வைத்தோம், தினமும் ரயிலில் கடக்கிற பாலம், அதைவிட நல்ல பெயர் தோன்றவில்லை. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் பாட்டுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று போனோம். மேனேஜர் பின்ட்டோ என்று ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், விரலால் மேசையில் தாளம் போட்டார், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் விரல் நின்றது. என் கறுப்பு சாதாரணக் கறுப்பு இல்லை, அப்பா லோகோவில் அள்ளிய கரியை நான் பூசிக்கொண்டு பிறந்தேன் என்று அத்தை சொல்வாள். “வாய்ஸ் பத்தி நோ கம்ப்ளெயின்ட், வில்பிரட். பட் கஸ்டமர் பாக்கணுமில்லையா? நம்மகிட்ட ஒரு பொண்ணு இருக்கு, நல்ல கலரு, அது முன்னாடி நின்னு வாய அசைக்கட்டும். இந்தம்மா தூணுக்குப் பின்னாடி மைக்க வெச்சுக்கிட்டுப் பாடட்டும்.” எனக்கு முகம் எரிந்தது, ஆனால் இதையும் நான் சொல்லத்தான் வேண்டும், ஒரு நொடி சரி என்று சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. பாட்டு பாட்டுதானே, தூணுக்குப் பின்னால் நின்றால் என்ன. வில்பிரட் தூணைத் திரும்பிப் பார்த்தான். “இந்தத் தூணு பாடுமா சார்?” என்றான். பின்ட்டோ சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. வில்பிரட் குனிந்து ஒயரைப் பிடுங்கினான். அவன் ஒயரைச் சுருட்டுவதைப் பார்த்து கவுஸ் பாய் ட்ரம்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். வெளியே வெயிலில் சாமானோடு நின்றோம். “எங்கடா போறது இப்ப?” என்று கேட்டேன். “தெரியாது. நீ முன்னாடி நிக்கிற எடத்துக்கு.”

இருளின் பாட்டு. பெரம்பூரில் ரயில்வேக்காரர்களின் ஆட்டக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் முன்னால் நின்றேன். கறுப்பிக்கு மஞ்சள் எடுக்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், கண்ணைக் குத்துகிற மஞ்சளில் கவுன் தைத்துக்கொண்டு நின்றேன். ஒண்ணுல விழு, ஹெப்சி, என்பான் வில்பிரட். ஒவ்வொரு சுற்றும் தொடங்குகிற அந்த முதல் அடி, அதில் மூன்று பேரும் ஒன்றாக விழ வேண்டும், நடுவில் யார் எங்கே வேண்டுமானாலும் அலையலாம், திரும்பி வந்து அந்த ஒண்ணில் விழ வேண்டும். விழுந்தால் கூடத்தின் மரத்தரை குதிக்கும், ஃபயர்மேன், கார்டு, நர்ஸ், டீச்சர் எல்லாரும் ஒரே உடம்பாக இறங்கி ஏறுவார்கள். கொஞ்ச நாளில் மவுண்ட் ரோட்டு ஓட்டலின் ஆட்களே டாக்சி பிடித்துப் பெரம்பூருக்கு வர ஆரம்பித்தார்கள். பிறகு பின்ட்டோவே வந்தார். தூணைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை, ஓட்டல் மேடையின் நடுவில் நின்றேன், பத்து வருஷத்துக்கு மேல் நின்றேன். அந்தச் செய்தி ஆலயத்துக்கு வர எத்தனை நேரமாகும். அப்போதிருந்த பாஸ்டரம்மா வீட்டுக்கே வந்து, அம்மா கொடுத்த காபியைக்கூடத் தொடாமல், “ஓட்டல்ல பாடுற வாய் ஆலயத்துல பாடக் கூடாது ஹெப்சிபா, கொயர் அங்கிய அனுப்பிடு” என்றார். அம்மா அழுதாள். நான் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து இந்த மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கொயர் மொத்தத்துக்கும் மேலே கேட்கிற மாதிரி பாடினேன். சபையாரைப் பாடாதே என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? அதற்கடுத்த ஞாயிறும். இன்றைக்கு வரைக்கும். எத்தனை பாஸ்டர் மாறிவிட்டார்கள், நான் பெஞ்சு மாறவில்லை.

ஒரு பெண் பூக்கூடையோடு நடந்து போகிறாள், பெட்டியின் மேல் இதழ்கள். பாஸ்டர் இப்போது, உலகத்தார் மெச்சும் புகழ், அது எவ்வளவு மாயை, என்று போய்க்கொண்டிருக்கிறார். என்ன புகழ் கண்டோம். மற்றவர்களின் பாட்டைப் பாடினது போதும், நம்ம பாஷையில் பாடு என்று வில்பிரட்தான் சொன்னான். ஆட்டத்துக்குத் தமிழ் உட்காராது என்றேன். தெருவில் அடிபம்புக்கு அழைத்துப்போனான். பெண்கள் தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், பம்பு ஏறி இறங்கி டங்கு டங்கென்று சத்தம் போட, அதன் மேல் வசவு விழுந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு வசவும் சரியாக அடியில் விழுந்தது. “உட்காரலன்னியே, பாரு” என்றான். அந்தச் சண்டையை அப்படியே பாட்டாக்கினோம். ஒரு சின்ன இசைத்தட்டாக வந்தது. ரேடியோவில் இருந்தவர் கேட்டுவிட்டு, “இது பாட்டா, சண்டையா?” என்றார். ரெண்டும்தான் சார் என்றேன். போடவில்லை. ஆனால் பெரம்பூரில் கல்யாண வீட்டில் போட்டார்கள், சாவு வீட்டுக்குப் போய்த் திரும்புகிற லாரியில் பாடினார்கள், மஸ்கட்டில் பாடப் போயிருந்தபோது கட்டட வேலைக்கு வந்த பையன்கள் பேர் சொல்லிக் கேட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதைப் பற்றிக் கேட்டார்கள், கல்யாணத்துக்கப்புறம் நிறுத்திடுவீங்கதானே என்று, தட்டில் இருந்த கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே. நிறுத்த மாட்டேன் என்றேன், கேக்கை முடித்துவிட்டுப் போனார்கள். பிறகு எனக்கும் வில்பிரட்டுக்கும் தொடர்பு என்று பேச்சு. இருந்தது. எந்த இடத்தில் மூச்சு எடுப்பேன் என்று அவனுக்குத் தெரியும், எந்த இடத்தில் அவன் வேண்டுமென்றே இழுத்தடிப்பான் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதற்குக் கீழேயும் ஒன்றும் இல்லை. அவன் சுகிர்தத்தைக் கட்டினபோது நான்தான் ரிசப்ஷனில் பாடினேன். சுகிர்தம் அன்றைக்கு மேடையைப் பார்க்கவே இல்லை, தன் கையில் இருந்த பூச்செண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறமும் எங்கள் பாட்டை அவள் ஒரு நாளும் நேராக நின்று கேட்டு நான் பார்த்ததில்லை.

“அந்தக் குடியிலிருந்து கர்த்தர் அவரைத் தூக்கியெடுத்தார்.” ஆமென். இதற்கு நானும் ஆமென் சொல்கிறேன், வாய்விட்டுச் சொல்கிறேன், பக்கத்து அம்மா திரும்பிப் பார்க்கிறாள். அது உண்மை. ஓட்டலில் ஒரு கீபோர்டு வாங்கினார்கள், அதற்குள்ளேயே ட்ரம்ஸ், அதற்குள்ளேயே பேஸ், ஒரு ஆள் ஒரு விரலால் அழுத்தினால் போதும். வில்பிரட் அதற்கு எதிரில் நின்று கொஞ்ச நேரம் கேட்டான், இது ஒண்ணில் விழவே இல்லையே, மேலே மிதக்குதே என்று சிரித்தான், அன்றைக்கு ஆரம்பித்த குடி. சுகிர்தம் அவனைச் சாக்கடை ஓரத்திலிருந்து ரிக்‌ஷாவில் தூக்கி வந்திருக்கிறாள். இதே ஆலயத்தில் முழங்காலில் நின்று நின்று அவனை மீட்டாள், அதில் எனக்கோ கவுஸ் பாய்க்கோ பங்கில்லை. அவன் குடியை விட்டான். கிடாரையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினான், ஜனங்கள் அதைத்தான் பார்த்தார்கள், விட்டுவிட்டான் என்றார்கள். எங்கே அப்புறப்படுத்தினான்? ஓட்டேரியில் கவுஸ் பாயின் மெத்தைக் கடை. பின்பக்கம் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் சத்தம் ஒரு சொட்டு வெளியே போகாது. புதன்கிழமை மத்தியானம் மூன்று பேரும். வாரா வாரம். நாங்கள் வாசித்ததில் நல்லது அங்கே வாசித்ததுதான், கேட்க ஒரு ஆள் இல்லாமல், தும்மலும் பஞ்சுமாக. வீட்டில் என்னடா சொல்லிவிட்டு வருகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். “கவுஸ் பாய்க்கு சுவிசேஷம் சொல்லப் போறேன்னு சொல்லியிருக்கேன்” என்றான். கவுஸ் பாய் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். “சொல்லு வாத்யாரே, நீ வாசிக்கிறத நா கேட்டுக்கினுதான இருக்கேன்.” இதோ, பாஸ்டர் அங்கேயே வருகிறார், கடவுளே, “மாற்று மதத்துச் சகோதரர் ஒருவருக்குக்கூட வாராவாரம் தேடிப்போய் வசனம் சொன்னார்” என்கிறார், சபை திரும்பி வெள்ளைத் தொப்பியைப் பார்க்கிறது. நானும் திரும்பினேன். கவுஸ் பாய் என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், சிரிப்பா அழுகையா என்று இங்கிருந்து தெரியவில்லை.

கவுஸ் பாயும் சிரிக்க முடியாத இடத்தில் நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன். ஈஸ்டருக்கு முன்னால் வில்பிரட்டைப் பார்க்கப் போனேன், பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, அ, ஆ என்று மட்டும். சுகிர்தம் உள்ளே ஓட்ஸ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவன் இடது கை போர்வையின் மேல் அசைந்தது. கம்பியை அழுத்துகிற கை. பார்த்தேன், சும்மா அசையவில்லை, வாசிக்கிறான். குனிந்து காதருகே மெல்லப் பாட ஆரம்பித்தேன். அவன் புருவம் சுருங்கியது. வலிக்கிறதா என்று கேட்டேன். வாயைக் கோணி, எச்சில் வழிய, ரொம்ப நேரம் கஷ்டப்பட்டு ஒரு வார்த்தை சொன்னான். “லேட்டு.” நான் அடியைத் தவறவிட்டு வந்திருந்தேன். இன்னொரு தரம் சரியாக வந்தேன், அப்போதுதான் புருவம் இளகியது. மனந்திரும்பினவன் செய்கிற வேலையா அது? இவர்கள் எல்லாரும் இவ்வளவு அன்பாக, இவ்வளவு நல்ல எண்ணத்தோடு, அவனைப் பாதியாக வெட்டி நல்ல பாதியை மட்டும் புதைக்கப் போகிறார்கள். அதுகூட இல்லை, எனக்கு வேறொரு பயம், உட்கார்ந்ததிலிருந்து முதுகில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு எனக்கும் இதே இடம்தான். இதே பாஸ்டர், இல்லாவிட்டால் இவருக்கு அடுத்தவர். நான் ஒரு நாள்கூடப் பாட்டை விடவில்லை, போன சனிக்கிழமைகூட நுங்கம்பாக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பேரப்பிள்ளை வயசுப் பையன்களோடு நின்று பாடினேன், ஆனாலும் சொல்வார்கள். சகோதரி ஹெப்சிபா தம் கடைசி நாட்களில் என்று ஆரம்பிப்பார்கள். நான் பெட்டிக்குள் கையை மடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து மறுக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? கவுஸ் பாய் அதுவரை இருப்பாரா?

“அந்தப் பழைய பாட்டு அவர் நாவிலும் விரலிலும் மறுபடி வரவேயில்லை” என்கிறார் பாஸ்டர், அவ்வளவுதான், என் முழங்கால் எழுந்துவிட்டது, நான் இன்னும் முடிவு செய்யவில்லை, முழங்கால் முடிவு செய்துவிட்டது. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். “பாஸ்டர், அது நிஜமில்ல.” என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. பாஸ்டர் கோபப்படவில்லை, பாவம், இறங்கி வந்து என்னைத் தாங்கிப் பிடிப்பார் போலிருக்கிறது. “அம்மா, உங்க துக்கம் புரியுது, உக்காருங்கம்மா.” துக்கமில்லை ஐயா, தகவல். “குடிய விட்டான். அதுக்கு நீங்களும் ஸ்தோத்திரம் சொல்லுங்க, நானும் சொல்றேன். பாட்ட விடல. கை விழுற வரைக்கும் வாசிச்சான். நான் கூட இருந்தேன்.” ஆசீர் எழுந்துவிட்டான், அப்பாவின் அதே நீள மூஞ்சி. “ஆன்ட்டி, ப்ளீஸ், அம்மா உங்ககிட்ட சொன்னாங்க இல்ல?” சொன்னாள். நானும் தலையாட்டினேன். சுகிர்தம் முதல் பெஞ்சில் இருக்கிறாள், திரும்பவில்லை, வெள்ளைப் புடவையும் முக்காடும் மட்டும் தெரிகிறது. இந்த ஆலயத்தில் நான் பயப்படுகிறது அந்த முக்காடு ஒன்றுக்குத்தான். அவள் திரும்பி உட்காருங்கக்கா என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவேன், என்னால் முடியாது அதற்கு மேல். திரும்பவில்லை. சரி. பேசினால் வாக்குவாதமாகும், வாக்குவாதத்தில் அவர்களுக்கு வசனம் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? மூச்சு எடுத்தேன்.

என்ன பாட்டு என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை, வார்த்தையே இல்லை. வாலிபத்தில் எட்டாத ஆழம் இப்போது வயதால் எட்டுகிறது, குரல் இறங்கி இறங்கி ஆம்பிளைக் குரலுக்கும் கீழே வந்துவிட்டது, மேலே போகத்தான் முடிவதில்லை, கீழே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். பேஸ் கிடார் போகிற பாதையில் போனேன். ம்ம் என்று அடிவயிற்றிலிருந்து ஒன்று, கொஞ்சம் காலியிடம், அதற்குப் பிறகு இரண்டு சின்னதாக, திரும்பவும் காலியிடம். காலியிடம்தான் முக்கியம், அதில்தான் ஜனங்களின் இடுப்பு அசையும். முதல் சுற்று தனியாக, கரகரவென்று, நடுவில் உடைந்தது, உடையட்டும். இரண்டாவது சுற்றில் பின்னாலிருந்து தட் என்று ஒரு அடி, உள்ளங்கை பெஞ்சு மரத்தில், அப்புறம் விரல்கள், அப்புறம் மறுபடி உள்ளங்கை. கவுஸ் பாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் இரண்டு பேரும் அந்த ஒண்ணில் ஒன்றாக விழுந்தோம், பழைய பெஞ்சுகள், ஆணி தளர்ந்தவை, வரிசையாக அதிர்ந்தன. யாரோ ச்சீ என்றார்கள். ஒரு குழந்தை எழுந்து பெஞ்சின் மேல் நின்று பார்த்தது, அதன் அம்மா இழுத்து உட்காரவைக்கவில்லை. பாஸ்டர் கொயர் பக்கம் கைகாட்டினார், நல்லெண்ணத்தோடுதான், கீபோர்டு வாசிக்கிற இளைஞன் நல்லடக்கப் பாட்டின் முதல் ஸ்வரத்தைக் கெட்டியாக அழுத்தினான், என் மேல் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. நான் நிறுத்தவில்லை, அவன் சத்தத்தைக் கூட்டினான், நானும் வயிற்றை இறுக்கினேன். அப்போது முதல் பெஞ்சில் சுகிர்தம் கையைத் தூக்கினாள். எழுந்திருக்கவில்லை, திரும்பவில்லை, பெட்டியைப் பார்த்தபடியே கையை மட்டும் தூக்கினாள். “இருப்பா” என்றாள் கீபோர்டுக்காரனிடம். கீபோர்டு நின்றது. “அம்மா?” என்றான் ஆசீர். “புதன்கிழமை அவர் சட்டைய நான்தானடா ஒதறுவேன்” என்றாள், “கடை முன்னாடி உக்காந்து வேதம் சொன்னா அவ்ளோ பஞ்சு எப்படி ஒட்டும்?” அவன் ஒன்றும் புரியாமல் நின்றான். “நீ உக்காரு. அக்கா முடிக்கட்டும்.”

முடிக்கிற எண்ணம் எனக்கு இல்லை.